நாடு நீங்கியவன் நாட்டைக் கண்டிக்கலாமா?

பிறந்த நாட்டை விட்டுப் புறப்பட்டு, வேற்று நாட்டிலே வீடும் வாழ்வும் அமைத்துக்கொண்டு, பல்லாண்டுகள் அங்கேயே தங்கிவிட்ட ஒருவன் தன் தாய்நாட்டின் குற்றங்குறைகளை எடுத்துச் சொல்லத் தொடங்கினால், இரண்டு விதமான மறுமொழிகள் எழுவது வழக்கம். "போனவனுக்கு இங்கே என்ன பேச்சு? எங்களோடு கூட இருந்து வெயிலிலும் மழையிலும் அடிபட்டவனல்லவோ பேச வேண்டும்?" என்பது ஒன்று. "உள்ளே இருப்பவன் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கும்போது, வெளியே நிற்பவனாவது பேச வேண்டாமா?" என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் நியாயம் உண்டு. ஆகையினாலேதான் இந்த வழக்கு எந்த நாட்டிலும் எளிதில் தீர்வதில்லை.

இவ்வழக்கு மறைவாகப் பேசப்படாமல், இரு தரப்பாரும் தத்தம் பெயரை இட்டுப் பத்திரிகை வாயிலாக வாதாடிய சந்தர்ப்பம் ஒன்று வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலக மகாயுத்தம் ஐரோப்பாவில் ஓய்ந்து மூன்று மாதங்களே கழிந்திருந்த 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இடிந்து கிடந்த ஜேர்மனியில் அது தொடங்கியது. வழக்கின் நடுவே நின்றவர் அந்நாட்டின் புகழ்பெற்ற நாவலாசிரியர் தோமஸ் மான்.

வட ஜேர்மனியின் பழைய துறைமுக வணிக நகரமாகிய லூபெக்கில், 1875ஆம் ஆண்டு, ஒரு தானிய வணிகரின் மகனாகப் பிறந்தவர் அவர். தம் குடும்பத்தைப் போன்றதொரு வணிகக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து போவதைச் சித்திரித்து, 1901ஆம் ஆண்டில் 'புடன்புரூக்ஸ்' என்ற நாவலை வெளியிட்டார். 1929ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே அவர் அரசை எதிர்த்தவருமல்லர், புரட்சிக்காரருமல்லர். முதலாம் மகாயுத்தத்தின்போது தம் நாட்டின் பக்கத்தை உறுதியாக ஆதரித்து எழுதியவர். பின்னரே, 1922ஆம் ஆண்டில், மக்களாட்சியைத் தாங்கிப் பேசும் நிலைக்கு வந்தார். 1930ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெரும் வளர்ச்சி கண்டபோது, அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பேர்லின் நகரிலே மேடையேறி, அக்கட்சியின் போக்கை எச்சரித்தார். நாஜிகள் கூச்சலிட்டுக் கூட்டத்தைக் குழப்பினார்கள். அவர் பின்வாசல் வழியாக வெளியேற நேர்ந்தது. ஆகவே, நாட்டில் இருந்தபோது வாய் மூடியிருந்து, போன பிறகு வீரம் பேசினார் என்று அவரைச் சொல்ல இயலாது.

அவர் நாட்டை விட்டு ஓடவும் இல்லை. 1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் பதவிக்கு வந்தார். பெப்ரவரி 10ஆம் திகதி மியூனிக் பல்கலைக்கழகத்தில் இசைமேதை வாக்னரைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய மான், அதே சொற்பொழிவை வெளிநாடுகளில் நிகழ்த்துவதற்காக மறுநாள் புறப்பட்டார். அது முடிந்ததும் சுவிற்சர்லாந்தில் சிறிது ஓய்வு கொண்டார். அங்கே மியூனிக் நகரிலிருந்து அவருடைய பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பு வந்தது. ஒற்றுக் கேட்பார்கள் என்ற அச்சத்தால், ஊரில் காலநிலை மோசமாக இருக்கிறது, இப்போது வர வேண்டாம் என்று அவர்கள் குறிப்பாகச் சொன்னார்கள். குறிப்பை உணராத தந்தை, இங்கும் காலநிலை அப்படித்தான் இருக்கிறது என்று பதிலளித்தாராம். சில நாட்களுக்கென்று பெட்டி கட்டிப் போனவர், 16 ஆண்டுகளுக்குத் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவில்லை.

அதற்குப் பின் அவர் உடனே முழங்கத் தொடங்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் ஆட்சியை வெளிப்படையாகத் தாக்காமல் இருந்தார். காரணம், அவருடைய நூல்கள் அப்போதும் ஜேர்மனியில் அச்சாகிக்கொண்டிருந்தன. யோசேப்பின் வரலாற்றைக் கூறும் பெருநாவலின் முதலிரு பாகங்கள் 1933, 1934ஆம் ஆண்டுகளில் பேர்லினிலேயே வெளிவந்தன. வாய் திறந்தால் வாசகர்களை இழக்க வேண்டும். திறவாவிட்டால் மனச்சான்றை இழக்க வேண்டும். அவருடைய மூத்த பிள்ளைகளே இந்த மௌனத்தைக் கடிந்துகொண்டார்கள். இறுதியில், 1936ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், சூரிச் நகரப் பத்திரிகையொன்றில் பகிரங்கக் கடிதம் எழுதி, தாமும் நாடு நீங்கியோர் கூட்டத்தைச் சேர்ந்தவரே என்று அறிவித்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அவருடைய ஜேர்மன் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. அதனைக் காரணமாகக் காட்டி, போன் நகரப் பல்கலைக்கழகம் தான் வழங்கியிருந்த கௌரவக் கலாநிதிப் பட்டத்தையும் நீக்கிவிட்டது. அதற்கு அவர் எழுதிய மறுமொழி சிறு நூலாக அச்சாகிப் பல நாடுகளிற் பரவியது. அதே பட்டத்தை அப்பல்கலைக்கழகம் 1946ஆம் ஆண்டு டிசெம்பரில் அவருக்குத் திருப்பி அளித்தது.

1938ஆம் ஆண்டில் மான் அமெரிக்காவிற் குடியேறினார். 1940ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஜேர்மன் சேவை வாயிலாக, மாதந்தோறும் தம் நாட்டு மக்களோடு பேசலானார். "ஜேர்மன் நேயர்களே" என்ற விளிப்பே பின்னர் அப்பேச்சுக்களின் தொகுதிக்குப் பெயராயிற்று. தொடக்கத்தில் அவருடைய பேச்சின் வாசகம் தந்தி மூலம் லண்டனுக்குப் போயிற்று. அங்கே அறிவிப்பாளர் ஒருவர் அதனை வாசித்தார். 1941ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து அவருடைய குரலே கேட்கத் தொடங்கியது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் பேசுவது ஒலித்தட்டில் பதிவாகும். அத்தட்டு விமானத்தில் நியூயோர்க்குக்குப் போகும். அங்கிருந்து தொலைபேசி வழியாக லண்டனை அடைந்து, இன்னொரு தட்டில் ஏறும். அந்தத் தட்டு ஒலிவாங்கியின் முன்னே சுழலும்போதுதான் கலிபோர்னியாவிற் பேசிய சொல் ஜேர்மனியில் ஒரு வீட்டின் மூலையில் ஒலிக்கும். ஒவ்வொரு பேச்சும் ஐந்து முதல் எட்டு நிமிடங்கள் கொண்டது. யுத்தம் முடிவதற்குள் 55 பேச்சுக்கள் ஒலிபரப்பாயின.

அந்த மூலையில் அமர்ந்து கேட்டவனுடைய நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நிய வானொலி கேட்பதை 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதியே ஹிட்லரின் அரசு தடை செய்திருந்தது. கேட்டவனுக்குக் கடுஞ்சிறை, கேட்ட செய்தியைப் பிறருக்குப் பரப்பினால் மரண தண்டனையும் விதிக்கப்படலாம். பேசியவர் பசிபிக் கடலோரத்தில் அச்சமின்றிப் பேசினார். கேட்டவனோ கதவைத் தாழிட்டு, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. நாடு நீங்கியவனின் கண்டனத்திலே உள்ள முதற் சிக்கல் இதுவே. சொல்லுக்குரியவன் ஒருவன், அந்தச் சொல்லுக்காக ஆபத்தை ஏற்பவன் மற்றொருவன்.

ஆயினும் அந்தச் சொல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கும் அப்பேச்சுக்களே சான்று. 1942ஆம் ஆண்டிலேயே, யூத மக்கள் நச்சுவாயுவினால் கொல்லப்படுவதையும், கூட்டங்கூட்டமாக அழிக்கப்படுவதையும் அவர் வானொலியிற் சொன்னார். ஜேர்மனியின் எந்தப் பத்திரிகையிலும் அப்போது வர முடியாத செய்தி அது. உள்ளே இருப்போர் சொல்ல முடியாததை வெளியே இருப்பவன் சொல்லலாமா என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

அதே ஆண்டிலேதான் அவருக்கு மிகக் கடினமான சோதனையும் நேர்ந்தது. மார்ச் 28ஆம் திகதி இரவு பிரித்தானிய விமானங்கள் லூபெக் நகரின் மீது குண்டு பொழிந்தன. 300 பேருக்கு மேல் மாண்டனர். பழம்பெருமை வாய்ந்த மரியன்னை ஆலயம் எரிந்தது. 'புடன்புரூக்ஸ்' நாவலுக்கு நிலைக்களமாக விளங்கிய அவருடைய பாட்டனாரின் வீடும் முகப்புச் சுவர் மாத்திரம் எஞ்ச அழிந்தது. அடுத்த மாதப் பேச்சில் மான் அதனைக் குறிப்பிட்டார். தம் நகரம் அழிந்தது தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்றார். ஆனால், ஜேர்மன் விமானங்கள் இங்கிலாந்தின் கொவென்றி நகரை அழித்ததை நினைவூட்டி, செய்த வினைக்கு விலை கொடுத்தே தீர வேண்டும் என்ற நியதியை மறுக்கத் தம்மால் இயலாது என்றும் சொன்னார். நியாயத்தின் தராசில் வைத்துப் பார்த்தால் அச்சொல்லிற் பிழையில்லை. ஆனால் இடிபாட்டின் அடியிலிருந்து உறவினரைத் தோண்டி எடுத்தவனுக்கு அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலவே இருந்திருக்கும். யுத்தம் முடிந்தபின் எழுந்த சினத்தின் வேர்களில் ஒன்று இது.

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி, நாட்டிலேயே தங்கியிருந்த எழுத்தாளரான வால்டர் வொன் மோலோ, மானுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினார். துயரத்தினால் உழப்பட்ட முகங்களை வந்து பாருங்கள். நல்ல மருத்துவரைப் போல வந்து நோயின் காரணத்தையும் அறியுங்கள். உங்கள் மக்களின் உள்ளத்தின் ஆழத்துக்கும் அக்கொடுமைகளுக்கும் தொடர்பில்லை என்பது அதன் சாரம். சில நாட்களிலே பிராங்க் தீஸ் என்ற மற்றோர் எழுத்தாளர், இன்னும் கூரிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நாட்டில் இருந்துகொண்டே உள்ளத்தால் ஆட்சியை விட்டு விலகி வாழ்ந்தோரை 'அகத்தே நாடு நீங்கியோர்' என்று அவர் குறிப்பிட்டார். எரியும் வீடுகளின் நடுவே, பசியின் நடுவே, அச்சத்தின் நடுவே வாழ்ந்தவனுக்குக் கிடைத்த அறிவு, வெளிநாட்டிலே நாடகக் கொட்டகையின் உயர்ந்த ஆசனங்களில் அமர்ந்து தம் நாட்டின் அவலத்தைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்திராது என்றார். நோயுற்ற தாயை விட்டுப் பிரியாமல் இருந்ததற்கு எந்தப் பரிசையும் தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்றும் எழுதினார்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு தேசத்தின் பன்னிரண்டு ஆண்டு வாழ்வை வெளியே இருந்து முழுமையாக அறிய முடியாது. எவன் பயத்தினால் கை உயர்த்தினான், எவன் மகிழ்ச்சியோடு உயர்த்தினான், எவன் இரவிலே அண்டை வீட்டானுக்கு உணவு கொடுத்தான் என்பவையெல்லாம் தூரத்திலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் தீஸின் வாதத்திலே ஒரு வஞ்சகமும் கலந்திருந்தது. போனவர்களைப் பார்வையாளர்கள் என்று சொல்லும்போது, அவர்கள் துரத்தப்பட்டவர்கள் என்பது மறக்கப்பட்டது. தாயைப் பிரியாதவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது, அந்தத் தாயின் பெயரால் கொல்லப்பட்ட கோடிக்கணக்கானோரின் கணக்கு பின்னே தள்ளப்பட்டது.

மானின் மறுமொழி செப்டெம்பரில் எழுதப்பட்டு, முதலில் நியூயோர்க்கிலும் பின்னர் ஜேர்மனியிலும் அச்சாயிற்று. தாம் ஏன் திரும்பி வரவில்லை என்பதை அதில் விளக்கினார். வேரறுந்து அலைந்த வாழ்வின் மூச்சுத்திணறலைப் பற்றி எழுதினார். தாம் அமெரிக்கப் பிரசையாகிவிட்டதையும், ஆங்கிலம் பேசும் பேரப்பிள்ளைகள் தம்மைச் சுற்றி வளர்வதையும் கூறினார். 1933ஆம் ஆண்டிலே நாட்டின் மருத்துவர்களும் ஆசிரியர்களும் இசைவாணர்களும் எழுத்தாளர்களும் ஒருமித்து எழுந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கக் கூடும் என்றும் குறித்தார். இதுவரை அவர் சொன்னவற்றிலே துயரமும் நியாயமும் உண்டு. ஆனால் இன்னொன்றையும் சேர்த்தார். 1933 முதல் 1945 வரை ஜேர்மனியில் அச்சாகக் கூடிய நூல்களிலெல்லாம் இரத்தத்தின் நாற்றமும் இழிவின் நாற்றமும் வீசுகின்றன, அவையனைத்தையும் கூழாக்கிவிட வேண்டும் என்பதே அது.

இங்கே தூரம் அவருடைய பார்வையை மறைத்துவிட்டது. ரிக்கார்டா ஹூக் என்ற மூதாட்டி, 1933ஆம் ஆண்டிலேயே நாஜிகளின் போக்கைக் கண்டித்துப் பிரஷ்யக் கலைக்கழகத்தின் உறுப்புரிமையைத் துறந்து, நாட்டிலேயே தங்கி வாழ்ந்தவர். ஏர்ன்ஸ்ட் வீஹெர்ட் என்ற எழுத்தாளர் தம் எதிர்ப்புக்காக 1938ஆம் ஆண்டில் புகென்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்டவர். இவர்களுடைய ஏட்டுக்கும், ஆட்சியைத் துதிபாடியவர்களுடைய ஏட்டுக்கும் ஒரே தீர்ப்பு வழங்குவது எங்ஙனம் பொருந்தும்? அது மாத்திரமன்று. சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால், 1933லும் 1934லும் பேர்லினில் அச்சான அவருடைய சொந்த நாவலின் இரு பாகங்களும் அத்தீர்ப்பில் அகப்படும்.

எனினும் அதே ஆண்டில், அதே மனிதர், இதற்கு முற்றிலும் வேறான குரலிலும் பேசியிருக்கிறார். 1945ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி, யுத்தம் ஓய்ந்து மூன்று வாரங்களான நிலையில், வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், ஜேர்மனியையும் ஜேர்மனியரையும் பற்றி அவர் உரை நிகழ்த்தினார். கேட்டவர்கள் வெற்றி பெற்ற நாட்டினர். தம் நாட்டைத் தூற்றிவிட்டுத் தம்மை வெள்ளாடை உடுத்த நல்ல ஜேர்மனியின் பிரதிநிதியாகக் காட்டிக்கொள்வது அந்த மேடையில் மிக எளிது. அவர் அதனைச் செய்யவில்லை. தீய ஜேர்மனி ஒன்று, நல்ல ஜேர்மனி ஒன்று என்று இரண்டு இல்லை என்றார். நல்லதே வழிதவறித் தீயதாயிற்று என்றார். தாம் சொன்னவற்றில் எதுவும் வெளியே நின்று பார்த்த குளிர்ந்த அறிவன்று, அவை யாவும் தம்முள்ளேயே இருக்கின்றன, தாமே அவற்றை அனுபவித்திருக்கிறார் என்றார்.

இவ்விரு குரல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழக்கின் உட்பொருள் விளங்கும். நூல்களைக் கூழாக்கச் சொன்னவர் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். வாஷிங்டனிற் பேசியவர் தாமும் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றார். முன்னது கேட்டவர்களின் காதை அடைத்தது. பின்னது இன்றும் படிக்கப்படுகிறது. இருவரும் இருந்த தூரம் ஒன்றே. ஆகவே, பிழையாவதும் பயனாவதும் தூரத்தினால் அன்று. பேசுபவன் தன்னை எங்கே நிறுத்திக்கொள்கிறான் என்பதனாலேயே.

மானின் கலையுள்ளம் இதனை முன்னரே அறிந்திருந்தது போலும். 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் எழுதத் தொடங்கி 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டொக்டர் பௌஸ்டஸ்' என்னும் நாவலில், தம் நாட்டின் வீழ்ச்சியையே அவர் பொருளாகக் கொண்டார். ஆனால் கதையைச் சொல்லும் பொறுப்பை நாடு நீங்கிய ஒருவனிடம் ஒப்படைக்கவில்லை. குண்டுகள் விழும் காலத்தில், ஜேர்மனியிலேயே ஒதுங்கி வாழும், ஆட்சியை வெறுத்தும் நாட்டை நேசித்தும் தவிக்கும் முதிய ஆசிரியர் ஒருவரிடமே ஒப்படைத்தார். கலிபோர்னியாவில் அமர்ந்திருந்தவர், உள்ளே இருப்பவனின் கண்ணால் பார்க்க முயன்ற முயற்சி அது.

1949ஆம் ஆண்டில், மகாகவி கேதேயின் 200ஆவது பிறந்த ஆண்டை முன்னிட்டு, மான் முதன்முறையாகத் திரும்பி வந்தார். நாடு அப்போது இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. ஜூலை 25ஆம் திகதி மேற்கே பிராங்க்போர்ட் நகரில் உரையாற்றியவர், ஓகஸ்ட் முதலாம் திகதி கிழக்கே வைமார் நகரிலும் உரையாற்றினார். தமக்குப் பிரிவினைப் பகுதிகள் தெரியாது, தாம் வந்திருப்பது முழு ஜேர்மனிக்கும் என்றார். இரு புறத்தாரும் குறை சொன்னார்கள். இரு புறத்தாரும் கேட்கவும் செய்தார்கள். அவர் நிரந்தரமாகத் திரும்பவில்லை. 1952ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு மீண்டபோது சுவிற்சர்லாந்திலேயே தங்கினார். 1955ஆம் ஆண்டில் லூபெக் நகரம் அவரைத் தன் கௌரவப் பிரசையாக ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி சூரிச்சில் அவர் காலமானார்.

வழக்கு அவரோடு முடிந்துவிடவில்லை. அதே லூபெக் நகரில் 1913ஆம் ஆண்டிற் பிறந்த வில்லி பிராண்ட், 1933ஆம் ஆண்டில் நோர்வேக்குத் தப்பிச் சென்று, அங்கிருந்து ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து எழுதியவர். பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, நோர்வே நாட்டுப் பிரசையாகி, யுத்தத்தின் பின் திரும்பி வந்து, மேற்கு பேர்லின் நகரபிதாவானார். 1961ஆம் ஆண்டில் அவர் பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டபோது, நாட்டின் பாதுகாப்பு அமைச்சராயிருந்த பிரான்ஸ் யோசெப் ஸ்ட்ராவுஸ், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் வெளியே இருந்து என்ன செய்தீர் என்று மேடையிலே வினவினார். உள்ளே இருந்த தாங்கள் என்ன செய்தோம் என்பது தங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னார். தீஸின் வாதமே அரசியல் ஆயுதமாகியது. அத்தேர்தலில் பிராண்ட் தோற்றார். 1965லும் தோற்றார். 1969ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியின் பிரதமரானார்.

1970ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி அவர் போலந்தின் தலைநகரான வார்ஸோவில் இருந்தார். அங்கே நாஜிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து மாண்ட யூத மக்களின் நினைவுச் சின்னத்தின் முன் மலர்வளையம் வைத்தவர், யாரும் எதிர்பாராத வண்ணம், ஈரத் தரையில் முழந்தாளிட்டு அசையாது இருந்தார். அக்கொடுமையில் அவருக்கு எள்ளளவும் பங்கில்லை. அதனை வெளியே இருந்து எதிர்த்தவர் அவர். 'நான் அப்போது அங்கே இல்லை' என்று சொல்ல உரிமையுள்ள ஜேர்மனியர் ஒருவர் உண்டென்றால் அவரே. அவர் அவ்வாறு சொல்லவில்லை. தம் நாட்டின் பழியைத் தம் பழியாக ஏற்று மண்டியிட்டார். வெளியே இருந்து என்ன செய்தீர் என்ற வினாவுக்கு வாயினால் சொல்லக்கூடிய எந்த விடையும் இதற்கு ஈடாகாது.

நாடு நீங்கியவன் நாட்டைக் கண்டிக்கலாமா என்ற வழக்கில் வரலாறு தரும் தீர்ப்பு இதுவாகலாம். இடித்துரைப்பார் இல்லாத ஆட்சி தானே கெடும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. இடித்துரைப்பவன் எந்தக் கரையில் நின்று உரைக்கிறான் என்பது அதற்குப் பின்னே எழும் கேள்வி. அவன் சொல்வது மெய்யாக இருக்க வேண்டும். தான் காணாததைக் கண்டவனிடம் கேட்டறியும் பணிவு அவனுக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'நீங்கள்' என்று பிரித்துப் பேசாமல் 'நாம்' என்று சேர்த்துப் பேசும் உள்ளம் வேண்டும். அந்த உள்ளம் உடையவனைக் கடல்கள் பிரித்தாலும் அவன் நாட்டுக்கு அந்நியன் அல்லன். அஃது இல்லாதவன் நாட்டின் நடுவே வாழ்ந்தாலும் அவனுடைய கண்டனம் அயலானின் கண்டனமே.